மறுபடி ஓடும் ‘நாதஸ்வரம்’: பழைய தொடர்களில் எது திரும்பக் கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை?

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர்ப் பக்கம் சாயங்காலம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் டிவியில் ஓடுவது இன்றைய தொடராகத்தான் இருக்கும் என்று இப்போதெல்லாம் சொல்ல முடிவதில்லை. ரிமோட்டில் யூடியூப் பட்டனை அழுத்தி, பத்துப் பதினைந்து வருடம் பழைய ‘நாதஸ்வரம்’ தொடரை முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஆச்சிகளும் அவர்களோடு உட்கார்ந்திருக்கும் பேத்திகளும் இந்த வட்டாரத்தில் நிறைய. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் அதே பகுதியைப் பார்த்துவிட்டு வாட்ஸப்பில் பேசுகிறார்கள். “பார்த்ததையே எதுக்குத் திரும்பப் பார்க்கிறீங்க?” என்று வீட்டு ஆண்கள் கேட்பதும் நடக்கிறது.

அந்தக் கேள்வியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு காலத்தில் ஊரே உட்கார்ந்து பார்த்த சில தொடர்கள் முழுதாகத் திரும்பக் கிடைக்கின்றன. அதே அளவு ஆசையோடு பார்க்கப்பட்ட வேறு சில தொடர்கள் துண்டு துண்டாகக்கூடக் கிடைப்பதில்லை. ஏன்? ரசிகர்களின் அன்புக்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு. அந்தத் தொடர் ஒளிபரப்பான காலத்தில் யார் காசு போட்டார்கள், உரிமை யார் பெயரில் இருந்தது, டேப் யார் பீரோவில் தங்கியது என்பவைதான் இதைத் தீர்மானித்திருக்கின்றன.

முதலில் தொடரைப் பற்றிச் சுருக்கமாக. சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. தினமும் இரவில் வீடே ஒரு கதைக்காக உட்காரும் பழக்கத்தை நிலைநிறுத்தியது 1999 டிசம்பரில் வந்த ராதிகாவின் ‘சித்தி’. 2002 முதல் 2005 வரை, ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவின் கதையாக, திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’ ஓடியது. தேவயானி நடித்த ‘கோலங்கள்’ 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பர் வரை 1,533 பகுதிகள் போனது. ‘மெட்டி ஒலி’யில் பெயர் வாங்கிய திருமுருகன், அடுத்த தொடராக 2010 ஏப்ரல் 19 அன்று தொடங்கியதுதான் ‘நாதஸ்வரம்’. நாதஸ்வர வித்வான் சொக்கலிங்கமாக மௌலி, மகன் கோபியாக இயக்குநரே, மலராக ஸ்ரித்திகா. கதை நடப்பதும் படப்பிடிப்பு நடந்ததும் காரைக்குடி வட்டாரம். 2015 மே 9 அன்று 1,356 பகுதிகளோடு முடிந்தது.

சென்னையில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து, அதன் ஹாலிலும் மாடிப்படியிலும் கதையை நடத்தி முடிக்கும் வழக்கம் வேரூன்றியிருந்த காலம் அது. அப்போது கேமராவைத் தெருவுக்குக் கொண்டுவந்த தொடர் இது. எங்கள் பஸ்ஸும் எங்கள் கோயில் வாசலும் தினமும் டிவியில் வந்தன. 2014 மார்ச் 5 அன்று ஆயிரமாவது பகுதியை வெட்டு, ஒட்டு எதுவும் இல்லாமல் நேரலையாகவே நடித்து ஒளிபரப்பினார்கள். சுமார் 23 நிமிடம். வசனம் தப்பினால் தப்பினதுதான், திருத்த வழியில்லை. கின்னஸில் இடம் பிடித்த பகுதி அது. பழைய தொடரைத் தேடி வருபவர்கள் பலர் முதலில் தேடுவதும் இதைத்தான். நாடக மேடைக்குரிய துணிச்சலைத் தொடருக்குள் கொண்டுவந்த அந்த ஒரு நாளுக்காகவே இந்தத் தொடர் பத்திரமாக இருக்க வேண்டும் என்பேன்.

சரி, அப்போதே பார்த்தவர்கள் இப்போது ஏன் தேடுகிறார்கள்? ஒரு காரணம் மிக எளிமையானது. அப்போது முழுதாகப் பார்க்கவே இல்லை. 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ண டிவி பெரும்பாலான வீடுகளுக்கு வந்துவிட்டது. ஆனால் ‘நாதஸ்வரம்’ ஓடிய ஆண்டுகள் தமிழ்நாட்டின் மிக மோசமான மின்வெட்டு ஆண்டுகளும்கூட. 2012-ன் பிற்பகுதியில் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாத மாவட்டங்கள் இருந்தன. இரவு ஏழரைக்குத் தொடர் தொடங்கும். எட்டு மணிக்கு முன்னால் கரண்ட் போய்விடும். இது போதாதென்று, 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்த புதிதில் சன் குழும சேனல்கள் அதில் இல்லை. டிஷ் போட வசதியில்லாத வீடுகளில் கதை பாதியில் அறுந்தது.

அந்தக் காலத்தில் கதை காது வழியாகத்தான் ஊருக்குள் போனது. காலையில் கோலம் போடும்போதும் குழாயடியிலும், இன்வெர்ட்டர் இருந்த வீட்டுக்காரர் சொல்வதுதான் முந்தைய நாள் பகுதி. சொல்கிறவருக்கு யார் மேல் பிரியமோ அவர் பக்கம் கதை கொஞ்சம் சாய்ந்துவிடும். பத்து வருடம் கழித்துப் பகுதியை நேரில் பார்க்கும்போது “மலர் அப்படிச் சொல்லவே இல்லையே” என்று திகைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நினைவில் இருந்த வசனம் பக்கத்து வீட்டு அக்காவுடையது.

இனி உரிமை விஷயத்துக்கு வருவோம். இதுதான் மையம், ஆனால் வெளியே அதிகம் பேசப்படாதது. அந்தக் காலத்தில் சன் டிவியில் ஸ்லாட் முறை பரவலாக இருந்தது. தயாரிப்பாளர் சேனலுக்குப் பணம் கட்டி அரை மணி நேரத்தை வாங்குவார். தொடரைத் தன் செலவில் எடுப்பார். அந்த அரை மணி நேரத்துக்குள் தனக்கு ஒதுக்கப்பட்ட சில நிமிட விளம்பர நேரத்தை விற்றுப் போட்ட பணத்தை எடுப்பார். விளம்பரம் போக மிஞ்சும் இருபது நிமிடம் சொச்சம்தான் கதை. சேனலுக்கு ஒளிபரப்பும் உரிமை, தொடர் தயாரிப்பாளருடையது. விளம்பரம் சரியாக விற்காத மாதத்தில் நஷ்டமும் அவர் தலையில்தான் விழும்.

அன்று தயாரிப்பாளருக்குச் சுமையாக இருந்த இந்த ஏற்பாடுதான் இன்றைக்கு ரசிகர்களுக்கு வாய்ப்பாகியிருக்கிறது. யூடியூபில் பழைய பகுதியை ஏற்றினால் விளம்பர வருமானம் உண்டு என்று தெரிந்ததும், உரிமை கையில் இருந்தவர்கள் டேப்பைத் தூசி தட்டினார்கள். ‘சித்தி’ ராதிகாவின் ராடன் நிறுவனம் வழியாக வந்தது. ‘கோலங்கள்’ விகடன் வழியாக வந்தது. ‘நாதஸ்வரம்’ திருமுருகனின் சேனலில் வந்தது. குடும்பக் கதை இல்லையென்றாலும் ‘மர்மதேசம்’ இங்கே சொல்லத்தக்கது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்தது. வருடக்கணக்கில் ஆட்கள் தேடி அலைந்த பிறகு கவிதாலயாவின் யூடியூப் பக்கத்தில் கிடைத்தது.

சேனலே காசு கொடுத்து எடுக்கச் சொன்ன தொடர் என்றால் கதை வேறு. உரிமை முழுக்கச் சேனலிடம். அது ஓடிடியில் போட்டால் உண்டு, போடாவிட்டால் இல்லை. எடுத்த இயக்குநரே தன் தொடரை யாருக்கும் காட்ட முடியாது. மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது, அதுதான் ரொம்பப் பரிதாபம். சின்னத் தயாரிப்பாளர், ஒரே ஒரு தொடர், கம்பெனி மூடியாகிவிட்டது, வாரிசுகளுக்கு டேப் எங்கே என்றே தெரியாது. உரிமை சட்டப்படி உயிரோடு இருக்கிறது, எடுத்துப் போடத்தான் ஆள் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில் குழப்பம் அதிகம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒளிபரப்பிய சேனலுக்கு அந்த ஒளிபரப்பின் மேல் இருக்கும் உரிமை 25 ஆண்டு. தொடர் என்கிற படைப்பின் மேல் இருக்கும் உரிமையோ 60 ஆண்டு, அதுவும் வெளியான அடுத்த ஆண்டு ஜனவரியிலிருந்து கணக்கு. அதனால் ‘சித்தி’யின் 1999-ஆம் ஆண்டு ஒளிபரப்பின் மேல் சேனல் உரிமை முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அதை வைத்து நாமே ஏற்றிவிட முடியாது. 2010-ல் வந்த ‘நாதஸ்வரம்’ பகுதிகள் பொதுச்சொத்தாவது 2071-ல்.

அடுத்தது டேப். 2000-களின் தொடர்கள் பெரும்பாலும் பீட்டாகேம் வகை டேப்பில் இருந்தவை. ஒவ்வொன்றும் ஒரு தடிமனான புத்தகம் அளவு இருக்கும். ஆயிரம் பகுதி என்றால் ஆயிரம் டேப், ஓர் அறை நிறைய. ஏசி ஓடாத அறையில் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும், காந்தப் பூச்சு உதிரும். சோனி நிறுவனம் 2016-ல் பீட்டாகேம் கருவிகள் விற்பதையே நிறுத்திவிட்டது. அதே 2016-ல் உலகின் கடைசி விசிஆர் உற்பத்தியும் நின்றது. டேப் நன்றாக இருந்தாலும் போட்டுப் பார்க்க மெஷின் வேண்டும், மெஷினுக்குத் தலை (டேப்பைப் படிக்கும் பாகம்) மாற்ற ஆள் வேண்டும். அதற்கும் முந்தைய காலத்தில், டேப் விலை அதிகம் என்பதால் ஒளிபரப்பானதை அழித்துவிட்டு மேலேயே பதிவு செய்வது உலகம் முழுக்கத் தொலைக்காட்சிகளில் இருந்த வழக்கம். அப்படிப் போனவை போனவைதான்.

பழைய தொடர்களில் நடுவே முப்பது நாற்பது பகுதிகள் இல்லாமல் போவது இதனால்தான். யாரும் வேண்டுமென்றே மறைத்து வைக்கவில்லை. ஒரு பெட்டி டேப் கெட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். சில பகுதிகளில் திடீரென்று சத்தம் மட்டும் இருக்காது. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டிருப்பார்கள். அந்த நாளில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்று யூடியூபின் தானியங்கிச் சோதனை அந்தப் பாட்டைக் கண்டுபிடித்துவிடும், உரிமைக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒலியை அணைத்துத்தான் போட முடியும். கல்யாணக் காட்சியில் எல்லோரும் வாயசைக்கிறார்கள், சத்தமே இல்லை என்றால் காரணம் இதுதான். ரசிகர்களே ஏற்றிய பிரதிகளில் படம் இடவலம் மாறியிருப்பதும், குரல் கீச்சென்று இருப்பதும் அந்தச் சோதனையிலிருந்து தப்பிக்கச் செய்த வேலை. அவற்றில் முந்தானை வலத் தோளில் தொங்கும், பஸ்ஸின் பெயர்ப்பலகை கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிய எழுத்தாக வரும். உரிமையாளரின் பிரதி இருக்கும்போது அதையே பார்ப்பது நல்லது. கண்ணுக்கும் நல்லது, உழைத்தவர்களுக்கும் கொஞ்சம் காசு போய்ச் சேரும்.

பகுதிகள் எல்லாம் இருந்தாலும் வேண்டியதைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. தொடரின் பகுதிகளுக்குத் தலைப்பு கிடையாது, எண் மட்டும்தான். 1,356 பகுதி, சராசரி இருபது நிமிடம் என்றால் 452 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் பார்த்தால் ஏழரை மாதம். “அந்தக் கல்யாணம் நின்னுபோற சீன்” என்று தேடினால், கல்யாணம் நிற்காத தமிழ்த் தொடர் ஏது?

இதில் வயதானவர்கள் காட்டும் சாமர்த்தியம் எனக்கு வியப்பு. அவர்களுக்கு எண் தெரியாது, தேதியும் தெரியாது. ஆனால் வீட்டு நிகழ்ச்சிகளை வைத்து நாளைக் கட்டிவிடுவார்கள். கோட்டையூரில் ஓர் அப்பத்தாவும் பேத்தியும் தேடியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பேத்தி ரிமோட்டின் மைக்கில் “நாதஸ்வரம் கோபி அழுகிற சீன்” என்று சொல்ல, திரையில் ஏகப்பட்டது வந்து நின்றது.

“இதுவா அப்பத்தா?”

“இது இல்லத்தா. அப்ப உங்க சின்னத்தா மாசமா இருந்துச்சு. குன்றக்குடியில பூசம் முடிஞ்சு வந்து பார்த்தோம்.”

சின்னத்தா மகனுக்கு இப்போது என்ன வயது என்று எண்ணி, தைப்பூசம் என்பதால் ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் வாரம் என்று குறித்து, ஆண்டைப் பிடித்தார்கள். தொடர் தொடங்கிய தேதியிலிருந்து வாரத்துக்கு இத்தனை பகுதி என்று கூட்டிக்கொண்டே போய் ஓர் எண்ணில் நின்றார்கள். அங்கிருந்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க, காட்சி கிடைத்துவிட்டது. நடிகையின் தலைமுடி நீளம், வீட்டுச் சுவரின் பெயிண்ட், கையில் இருக்கும் செல்போனின் பட்டன் இவற்றை வைத்தும் காலத்தைச் சொல்கிறார்கள். தொடரின் பாதியில் நடிகர் மாறியிருந்தால் அது பெரிய உதவி, அதற்கு முன், அதற்குப் பின் என்று தேடலைச் சரிபாதியாக வெட்டிவிடலாம்.

கிடைத்த பிறகு என்ன பார்க்கிறார்கள்? கதை தெரிந்ததுதான். அதனால் கண் கதையை விட்டுவிட்டு மற்றதில் மேய்கிறது. வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், நிற்கும் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, இரட்டைத் திண்ணை, முகப்பில் தொங்கும் சாமி படம் என்று இதையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளுக்கு யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-ல் இடம் கிடைத்தது. ஆனால் ஊருக்குள் நடப்பது வேறு. ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். பழுது பார்க்க எல்லோரும் சேர வேண்டும், விற்கவும் எல்லோரும் சேர வேண்டும். பூட்டிக் கிடந்து, ஓடு சரிந்து, கடைசியில் தேக்கு நிலையும் தூணும் லாரியில் ஏறிய வீடுகள் எத்தனையோ. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அவற்றின் கதவும் விளக்கும் பீங்கான் சாமானும் விலைக்கு இருக்கின்றன.

சினிமாவும் இந்த வீடுகளைப் படம் பிடித்திருக்கிறதே என்று கேட்கலாம். பிடித்திருக்கிறது, ஆனால் பளபளப்பாக்கிப் பிடித்திருக்கிறது. சினிமாவில் வளவு என்றால் தோரணம், நூறு பேர், ஆட்டம். தொடரில் அதே வளவில் ஒருவர் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார், கொடியில் துண்டு காயும், மிக்ஸி ஓடும். கதை மெதுவாக நகர்கிறது, இழுக்கிறார்கள் என்று நாம் அன்றைக்குத் திட்டினோம். அந்த இழுவையில்தான் மூன்று நிமிடம் ஒரு சமையலறை அசையாமல் கிடக்கிறது. 2010-க்கும் 2015-க்கும் இடையில் காரைக்குடி வட்டாரம் எப்படி இருந்தது என்பதற்கு, வருடம் முழுக்க வெயிலிலும் மழையிலும் எடுத்த இத்தனை மணி நேரப் படம் வேறு யாரிடமும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பொழுதுபோக்காக எடுத்தது ஊருக்கு ஆவணமாகிவிட்டது.

இரண்டாம் முறை பார்க்கும்போது தீர்ப்பும் மாறுகிறது. இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அன்றைக்கு மருமகளாக இருந்து பார்த்தவர்கள் இன்றைக்கு மாமியார்கள். பொறுத்துப்போகும் பெண்ணைப் பார்த்து அன்று கண் கலங்கியவர், இன்று “இவ ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கிறா?” என்று எரிச்சல் படுகிறார். அண்ணன் தம்பி ஒற்றுமையாக ஒரே அடுப்பில் சாப்பிடுவதைப் பெரிய பெருமையாகக் காட்டும் இடங்களில் இங்கே ஆச்சிகள் சிரிக்கிறார்கள். கதையில் வருவது நாதஸ்வரக் கலைஞர் குடும்பம், இந்த ஆச்சிகளைப் போலச் செட்டிநாட்டு நகரத்தார் குடும்பம் இல்லை. நகரத்தார் வீட்டில் மகனுக்குக் கல்யாணமானால், கொஞ்ச காலத்தில் “வேறு வைப்பது” வழக்கம். ஒரே கூரை, ஒரே வளவு, ஆனால் தனி அடுப்பு, தனிக் கணக்கு, தனிப் புள்ளி (கோயில் கணக்கில் தனிக் குடும்பம்). “இவங்களையும் வேறு வச்சிருந்தா பாதிச் சண்டை அன்னைக்கே முடிஞ்சிருக்கும்” என்பது ஓர் ஆச்சி சொன்ன விமர்சனம். தொடர் எழுதியவர்களுக்கு அது பாதிக் கதையைக் காலி செய்யும் யோசனைதான். ஆனால் கூட்டுக் குடும்பம் என்றால் ஒரே பானைச் சோறு என்று டிவி சொல்லிக் கொடுத்ததை, தலைமுறை தலைமுறையாக வேறு மாதிரி வாழ்ந்த ஒருவர் மறுத்துப் பேசுகிறார். முதல் முறை ஓடியபோது இதைப் பேச நேரமில்லை. அடுத்த தொடர் தொடங்கிவிடும். இப்போது படத்தை நிறுத்தி வைத்துவிட்டுப் பேசுகிறார்கள்.

2020 ஊரடங்கில் படப்பிடிப்புகள் நின்றபோது சன் டிவி ‘மெட்டி ஒலி’யையே மறுபடி ஒளிபரப்பியது. அந்தத் தொடர் ஓடியபோது பிறக்காத பிள்ளைகள் வீட்டில் அடைபட்டு, அம்மாவோடும் பாட்டியோடும் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். பழைய தொடருக்குப் புதுப் பார்வையாளர்கள் இருக்கிறார்கள் என்று தயாரிப்பாளர்களுக்கும் சேனலுக்கும் கண்கூடாகத் தெரிந்த சமயம் அது.

இன்னும் கிடைக்காத தொடர்களுக்கு மிச்சமிருக்கும் வாய்ப்பு வீடுகளில்தான் இருக்கிறது. வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்பப் பதிவு செய்த விஎச்எஸ் கேசட்டுகள், கல்யாணக் கேசட்டின் வாலில் மிஞ்சிய இடத்தில் பதிந்த பகுதிகள், கம்ப்யூட்டரில் டிவி கார்டு போட்டுப் பிடித்த கோப்புகள் எல்லாம் இந்த வட்டாரத்து மரப் பீரோக்களில் கிடக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. ஊருக்கு வரும்போது ஒருமுறை துழாவிப் பாருங்கள். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் மெஷினில் போட்டுவிடாதீர்கள்; டேப்பும் போகும், மெஷினின் தலையும் போகும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்த வீடியோக்காரரிடம் காட்டுங்கள். நல்ல நிலையில் இருந்தால் நிமிர்த்தி வைத்து, ஈரம் படாத இடத்தில் வைத்து, சீக்கிரம் கோப்பாக மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு தயாரிப்பாளர் யாரென்று பார்த்து அவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவரிடம் இல்லாத பகுதி உங்களிடம் இருக்கலாம்.

மாற்றித் தருபவர் நடுவில் வரும் விளம்பரங்களை வெட்டிவிடட்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளிப் படம், தேர்தல் பிரச்சாரம் என்று அதில் வருவதை வைத்துத்தான் அந்தப் பகுதி எந்த வாரம் ஓடியது என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.